பிரேக் விடாத தெரு

கித்தேரியின் புருஷன் ஓட்டிய வெள்ளைக் கார், அவர் தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போய்த் திரும்பி வராத வருஷத்திலிருந்து, தூத்துக்குடியில் கடலை ஒட்டிய ஒரு ஒடுக்கமான தெருவில் நீலத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது, உப்புக் காற்று இரவு பகல் பார்க்காமல் தார்ப்பாய்க்குள் புகுந்து கதவு விளிம்பையும் பம்பரையும் தின்றது, வண்டிக்கு அடியில் ஒரு பூனை குட்டி போட்டது, அந்தக் குட்டிகள் பெரிதாகி அவையும் குட்டி போட்டன. மகள் ஜொவிட்டா மட்டும் லீவில் வரும்போதெல்லாம் சாவியைப் போட்டு எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பாள். வண்டியை நகர்த்தக் கித்தேரி சம்மதித்ததில்லை. எஞ்சின் ஓடுகிறதே, அது போதும் என்று இரண்டு பேரும் இருந்துவிட்டார்கள். சக்கரத்தைப் பற்றி யார் நினைத்தார்கள்.

ஜொவிட்டா கப்பல் எஞ்சினியருக்குப் படித்தவள். அப்பனை விழுங்கின கடலைத் தவிர உனக்கு வேறு பிழைப்பே இல்லையா என்று கித்தேரி அவள் படித்த நாலு வருஷமும் அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள், மாதா கோயில் சாமியாரை விட்டுச் சொல்லச் சொல்லியும் பார்த்தாள். மகள் அசையவில்லை. கடைசியில் ஒரு சரக்குக் கப்பலில் வேலை கிடைத்தது; வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் கொச்சியில் ஏஜென்ட் முன்னால் போய் நிற்கவேண்டும், நிற்காவிட்டால் அவள் இடத்தில் வேறு ஆள் ஏறிவிடும். செவ்வாய்க்கிழமை சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தாள். "ஸ்டேஷனுக்கு அப்பா வண்டியிலயே போவோம்மா," என்று அவள் கேட்டபோது, அதற்காவது சரியென்போம் என்று கித்தேரி தலையாட்டினாள்.

தார்ப்பாயை உருவினார்கள், பூனைகள் சிதறின, ஜொவிட்டா ஓட்ட, கித்தேரி இடது பக்கம் உட்கார்ந்தாள். வண்டி முனகிக்கொண்டே டீக்கடை வரைக்கும் ஊர்ந்தது. அப்புறம் ஒரு கருகல் வாடை அடித்தது, முன்சக்கரம் இரண்டும் தரையோடு ஆணியடித்த மாதிரி நின்றுபோயின, வண்டி குலுங்கின குலுங்கில் ஜொவிட்டாவின் இரண்டு கையும் ஸ்டியரிங்கை விட்டுத் தெறித்தன, கித்தேரி பயத்தில் கையை நீட்டி மகளின் இடது மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. உதறிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள், விரல் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

அந்த நேரத்தில் தெருவில் யார் எதைப் பிடித்திருந்தார்களோ, அவர்கள் யாருக்கும் கை திறக்கவில்லை. டீக்கடை பால்பாண்டி ஆற்றிக்கொண்டிருந்த குவளை அவன் கையோடு நின்றது. கோயில் உபதேசியார் பிடித்திருந்த மணிக்கயிறு அவர் கையோடு நின்றது. சாக்கடைத் தகராறில் ஒருத்தன் சட்டையை ஒருத்தன் பிடித்திருந்த கஸ்பாரும் அவன் மச்சானும் மூக்கோடு மூக்கு பார்த்தபடி நின்றார்கள். குழாயடியில் லிசியின் இரண்டு கையும் குடத்தோடு ஒட்டிக்கொண்டன, பக்கத்தில் துணியில் படுக்கப் போட்டிருந்த அவள் கைக்குழந்தை வீறிட்டது, அதைக் கேட்கமாட்டாமல் தொம்மை ஓடிப்போய் எடுத்தான். அவன் சங்கு குளிக்கப் போகிறவன், கல்யாணம் காட்சி ஒன்றும் ஆகாதவன், பிள்ளையைத் தூக்கிப் பழக்கமே இல்லாதவன். எடுத்த பிறகுதான் தெரிந்தது, இனி இறக்கிவிட முடியாது என்று.

காரின் பிரேக் விடுகிறவரைக்கும் கையும் விடாது என்பதை யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்லவில்லை. மழை வந்தால் நனையும் என்பதுபோல எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. தள்ளிவிடலாம் என்று பின்னால் போய் விளிம்பைப் பிடித்த இரண்டு பேர் பின் கதவோடு ஒட்டிக்கொண்டார்கள், அதன் பிறகு யாரும் கிட்டே போகவில்லை. கித்தேரியும் மகளும் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார்கள்; அங்கே டாக்டர் வெந்நீரில் முக்கினார், ஊசி போட்டார், நரம்பைத் தட்டினார், அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வண்டியைச் சரி பண்ணிட்டு வாங்கம்மா," என்றார்.

மனுஷன் எதற்கும் பழகிவிடுகிறான், அதைச் சும்மா சொல்லக்கூடாது. விரலை மடக்காமல் நடக்க அந்தத் தெரு ஒரே பொழுதில் கற்றுக்கொண்டது. கை சும்மா இருந்தவர்கள் ஆசீர்வாதம் கொடுக்கிற சாமியார் மாதிரி உள்ளங்கையை விரித்துக்கொண்டே திரிந்தார்கள், சோற்றை விரித்த கையால் அள்ளி வாய்க்குக் கொண்டுபோனார்கள், தூக்கத்தில் கை மடங்கிவிடுமோ என்று அதை இடுப்புக்கு அடியில் கொடுத்துப் படுத்தார்கள். பால்பாண்டி ஒரே குவளையில் டீ போட்டு ஒவ்வொருத்தர் வாயிலும் அவனே ஊற்றினான், வியாபாரம் முன்னைவிட நன்றாகவே நடந்தது. உபதேசியார் தும்மினால் மணி அடித்தது, புரண்டால் மணி அடித்தது. முதல் நாள் ஒவ்வொரு மணிக்கும் சிலுவை போட்டவர்கள் மறுநாள் நிறுத்திவிட்டார்கள். கஸ்பாரும் மச்சானும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே பாயில் படுத்து, சின்ன வயசில் சேர்ந்து நண்டு பிடித்ததை எல்லாம் பேசிச் சிரித்து, அதற்கப்புறம் யார் பிடித்த நண்டு பெரிசு என்று திரும்பவும் தகராறு செய்தார்கள். லிசி குடத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு குனிய, தொம்மை முகத்தைத் திருப்பிக்கொண்டு பிள்ளையை நீட்ட, அது பால் குடித்தது. குடித்து முடித்ததும் அவன் தோளில்தான் தூங்கியது.

அம்மாவும் மகளும் அந்த நாட்களை எப்படி ஓட்டினார்கள், குளிப்பதற்கும் கொல்லைப்பக்கம் போவதற்கும் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் நமக்கு எதற்கு. ரயில்தான் விஷயம். செவ்வாய்க்கிழமை ரயில் போனது, புதன்கிழமை ரயில் போனது. ஒவ்வொரு முறை ரயில் கூவும்போதும் மகள் தலையைத் தூக்கிக் கேட்பதையும், மறுபடி குனிந்துகொள்வதையும் கித்தேரி பார்த்தாள். "ஏ பிள்ள, வேணும்னா நானும் கூட வாரேன். கப்பல்ல ஒரு ஓரமா இருந்துக்கிடுதேன், நான் யாருக்கு என்ன தொந்தரவு," என்றாள். ஜொவிட்டா போனை விரல் நுனியால் தட்டி ஏஜென்டிடம் கேட்டாள். கப்பலில் அம்மாக்களுக்கு இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பக்கத்துத் தெரு வரைக்கும் வந்த மெக்கானிக்குகள் எல்லோரும் முனையிலேயே நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். புதன்கிழமை மத்தியானம் சொரிமுத்து வந்தான். கெட்டிக்காரன், ஆனால் வாய் ஓயாதவன். பையை மூட்டையாகத் தோளில் மாட்டிக்கொண்டு, பத்து விரலையும் விரித்துக்கொண்டு வந்து, மண்ணில் படுத்துச் சக்கரத்தைப் பார்த்தான்.

"எக்கா, சக்கரத்துக்குள்ள ஒரு இரும்புத் தட்டு இருக்கு பாத்தியளா, அதை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிறதுதான் காலிப்பர். நீங்க பெடலை மிதிச்சா பிடிக்கணும், எடுத்தா விடணும். உள்ள இருக்கிற பிஸ்டன் துருப்பிடிச்சு ஜாம் ஆகிருச்சு. பிடிச்சது பிடிச்சபடி கெடக்கு, விடத் தெரியல அதுக்கு."

"சரியாகிருமா தம்பி?" என்று கித்தேரி கேட்டாள். எந்தப் பதில் வந்தால் தனக்குப் பயம் குறையும் என்று அவளுக்கே தெரியவில்லை.

"கை இருந்தா ஆகிரும். நான் ஒரு ஸ்பேனரைப் பிடிச்சா அதோட நின்னுருவேன். மத்த சாமானை எவன் பிடிக்கது?"

அதற்குத் தெரு கூடியது. வெறுங்கையோடு இருந்தவர்கள் வரிசையில் வந்து நின்றார்கள், ஆளுக்கொரு சாமான் என்று முடிவானது. ஜாக்கிக் கம்பி தலைமையாசிரியர் கைக்குப் போனது, வீல் ஸ்பேனர் மீன்காரம்மா கைக்கு, சுத்தியல் பால்பாண்டியின் சம்சாரத்துக்கு, ஸ்குரூ டிரைவர் கோயிலுக்குப் பூ கொடுக்கிறவளுக்கு, உப்புத்தாள் ஒரு ரிட்டயர்டு ஏட்டையாவுக்கு, காலிப்பரின் முதுகில் இருக்கிற சின்ன நிப்பிளைத் திறந்து மூடுகிற ஸ்பேனர் அந்தப் பக்கம் தபால் கொடுக்க வந்து மாட்டிக்கொண்டவருக்கு. சொரிமுத்து விரித்த கையோடு நடுவில் நின்று வாயாலேயே வேலை செய்தான்: ஏட்டையா தேய்ங்க, இன்னும் தேய்ங்க, துரு போயி வெள்ளி தெரியணும், யம்மா நீங்க ஒரு தட்டுத் தட்டுங்க, ஏய் மெதுவா, அது ஆட்டுக்கால் இல்ல. சக்கரம் கழன்றது, காலிப்பர் கழன்றது, பிஸ்டன் வரமாட்டேன் என்று அடம்பிடித்து ஒருவழியாக வந்தது, புது ரப்பர் வளையம் மாட்டியாயிற்று, கிரீஸ் பூசியாயிற்று. எல்லாவற்றுக்கும் வியாழக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது. சக்கரங்கள் காலால் உந்தினால் சுற்றின. தெருவில் ஒரு கைகூடத் திறக்கவில்லை.

"இப்பத் திறக்காது. அது பிடிச்சு விட்டாத்தான் விட்டதா அர்த்தம். பிடிக்கவே பிடிக்காம தொங்குனா அதுக்குப் பேரு விட்டது இல்ல," என்றான் சொரிமுத்து. "குழாய்க்குள்ள காத்து ஏறியிருக்கு. ஏர் எடுக்கணும். பெடலுக்கு ஒரு ஆள் வேணும், காலு போதும்."

"நான் மிதிக்கேன்," என்றாள் ஜொவிட்டா. அவள்தான் எஞ்சினியர், அவளுக்குத் தெரியாத பிரேக்கா. அவள் இடது பக்கமாக ஏறி டிரைவர் சீட்டுக்கு நகர, கித்தேரி மணிக்கட்டோடு இழுபட்டுப் பக்கத்துச் சீட்டில் விழுந்தாள்.

ஏர் எடுக்கிற வேலை இரண்டு பேர் வேலை. பெடலை அமுக்கிப் பிடித்திருக்கும்போது கீழே நிப்பிளைத் திறந்தால் ஆயிலோடு காற்று கொப்புளம் கொப்புளமாக வெளியே வரும். நிப்பிளை மூடின பிறகுதான் காலை எடுக்கவேண்டும், மூடுவதற்கு முன்னால் எடுத்தால் வெளிக்காற்று மறுபடியும் உள்ளே போய்விடும், செய்ததெல்லாம் வீண். அதனால் கீழே இருப்பவனும் மேலே இருப்பவனும் பேசிக்கொண்டே செய்வார்கள்.

"அமுக்கு," என்றான் சொரிமுத்து தரையில் கிடந்து.

"அமுக்கியாச்சு."

"பிடி."

"பிடிச்சிருக்கேன்."

தபால்காரர் திறந்தார், கொப்புளம் வந்தது, மூடினார்.

"விடு."

"விட்டாச்சு."

தெரு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு இதைக் கேட்டது. அமுக்கு, அமுக்கியாச்சு, பிடி, பிடிச்சிருக்கேன், விடு, விட்டாச்சு என்று பொழுது இறங்க இறங்க அது ஜெபமாலை சொல்வதுபோலவே ஆகிவிட்டது, கோயில் பக்கம் இருந்த சிலர் பழக்கதோஷத்தில் கூடவே முணுமுணுத்தார்கள். ஆனால் பெடல் பஞ்சாகவே இருந்தது. எத்தனை தடவை எடுத்தாலும் கொப்புளம் வந்துகொண்டேதான் இருந்தது. சொரிமுத்து ஆயிலைத் திட்டினான், ரப்பரைத் திட்டினான், கடைசியில் தபால்காரரைத் திட்டினான்.

அன்றைக்குச் சாயங்கால ரயில்தான் கடைசி, அதை விட்டால் கப்பல் இல்லை. மாதாவே, சீக்கிரம் சரியாகணும் என்று கித்தேரியின் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளுக்குள்ளே, ஆகவேண்டாம், இன்னும் ஒரு மணி நேரம் ஆகவேண்டாம் என்று வேறொரு ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது. எது மாதா காதில் விழுகிறது என்று அவளுக்குத் தெரியும். குழாயடியில் லிசி கை மரத்துப்போய் அழுகிறாள், தெருவே கட்டிப்போட்டபடி கிடக்கிறது, எல்லாம் தன் பாவம் என்று நினைத்தாள். மகள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் தலை குனிந்தாள். குனிந்த கண்ணுக்கு மகளின் கால் தெரிந்தது.

"பிடி," என்றான் சொரிமுத்து.

"பிடிச்சிருக்கேன்," என்றாள் ஜொவிட்டா. சொல்லும்போதே அவள் பாதம் மேலே வந்தது. நிப்பிள் மூடவில்லை, "விடு" என்று யாரும் சொல்லவில்லை, அந்தக் கால் பூனை நடப்பதுபோலப் பெடலை விட்டு மெல்ல எழும்பியது.

கித்தேரி நிமிர்ந்து பார்த்தாள். ஜொவிட்டா கண்ணாடி வழியே நேராகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன் பிள்ள?" என்றாள் கித்தேரி, வெளியே கேட்காதபடி.

"பயமா இருக்கும்மா."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும். ராத்திரி தண்ணிக்கு நடுவுல நிக்கிறது, அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னே தெரியாம அதே தண்ணியில போறது. டிக்கெட் எடுத்த அன்னையிலிருந்து பயமா இருக்கு. நாலு வருஷம் உன்கிட்ட சண்டை போட்டுட்டு இப்பப் பயமா இருக்குன்னு எந்த வாயால சொல்ல?"

நாலு வருஷமாகக் கித்தேரி காத்திருந்த வார்த்தை அதுதான். பயமா இருந்தா போகாத மக்கா, வீட்டோட இரு என்று ஒரு வாக்கியம் அவள் நாக்கு நுனிக்கு வந்து உட்கார்ந்தது. அதைச் சொன்னால் போதும், ரயில் போய்விடும், கப்பல் போய்விடும், மகள் இருப்பாள். பயந்துபோய் இருப்பாள். கித்தேரி அதைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டாள்.

ஆனால் அவளுக்குப் புருஷன் ஞாபகம் வந்தது. கடைசியாகத் தோணிக்குப் போன அன்றைக்கு அவர் வாசல் வரைக்கும் போனார், தண்ணீர் குடிக்கத் திரும்பி வந்தார், மறுபடியும் போனார், தீப்பெட்டி என்று சொல்லித் திரும்பி வந்தார். அவருக்குப் பயம் என்று கித்தேரிக்குத் தெரிந்தது. கேட்டால் இரண்டு பேரும் உடைந்துவிடுவோம் என்று, அடுப்பைப் பார்த்தபடியே, "போங்களேன்," என்றாள். போயிட்டு வாங்க என்று அவள் சொல்லவில்லை. அந்தத் தெருவில் யாரும் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்களிடம் அப்படி மொட்டையாகப் போகச் சொல்லமாட்டார்கள். அவள் சொன்னாள், அவர் போனார், வரவில்லை. அன்றிலிருந்து யாரையும் போ என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழுந்ததில்லை. ஜொவிட்டா பள்ளிக்கூடம் போகும்போதுகூட வாசலில் கித்தேரி சும்மாதான் நிற்பாள்.

"உங்கப்பாவுக்கும் பயம் இருந்துச்சு," என்றாள் கித்தேரி. "ஒவ்வொரு தடவையும் இருந்துச்சு. நான் கேக்கல. கேட்டிருக்கணும்."

ஜொவிட்டா முதல் தடவையாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"நீ பயந்துக்கிட்டே போ. பயந்துக்கிட்டே போயிட்டு வா. பயமா இருந்துச்சுன்னா எனக்குப் போன் போடு, நானும் இங்க பயந்துக்கிட்டுத்தான் இருப்பேன், ரெண்டு பேரும் பேசிக்கிடுவோம்."

"அமுக்கு," என்றான் கீழேயிருந்து சொரிமுத்து, சலித்துப்போய்.

ஜொவிட்டா அமுக்கினாள். கித்தேரி உடம்பை ஒருக்களித்து, கியர்க் கம்பியைத் தாண்டித் தன் வலது காலை நீட்டி, மகளின் பாதத்தின் மேல் தன் பாதத்தை வைத்தாள்.

"பிடி."

"பிடிச்சிருக்கேன்," என்றார்கள் இரண்டு பேரும்.

அடியிலிருந்த கால் எழும்பப் பார்த்தது. கித்தேரி அதைத் தன் எடை முழுவதையும் போட்டுத் தரையோடு அழுத்தினாள், தொடை நடுங்கியது, விடவில்லை. கொப்புளம் வந்தது, நிப்பிள் மூடியது, அமுக்கு, பிடி, விடு, மறுபடி அமுக்கு, மறுபடி பிடி. கொப்புளம் குறைந்தது, சின்னதானது, நின்றது, சுத்தமான ஆயில் நூல்போல வந்தது, பெடல் காலுக்கடியில் கல்லாக நின்றது.

"மூடியாச்சு," என்றார் தபால்காரர்.

"விடுங்க," என்றான் சொரிமுத்து.

கித்தேரி காலை எடுத்தாள். சக்கரத்துக்குள் ஏதோ டக்கென்று விட்டது.

தெருவெல்லாம் சாமான் விழுகிற சத்தம் கேட்டது. குவளை விழுந்தது, சுத்தியல் விழுந்தது, ஜாக்கிக் கம்பி தலைமையாசிரியர் கால் மேலேயே விழுந்தது, கயிறு உபதேசியார் கையை விட்டுப் பறந்து மணி தாறுமாறாக அடித்தது, லிசியின் குடம் உருண்டு தண்ணீர் தெருவெங்கும் ஓடியது. கஸ்பாரும் மச்சானும் விலகி நின்று, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் சட்டையை நீவிக்கொண்டார்கள். லிசி ஓடிப்போய் இரண்டு கையையும் நீட்ட, தொம்மை பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் தன் காலியான தோளையே தடவிக்கொண்டு நின்றான். "நாளைக்கு ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போண்ணே," என்றாள் லிசி.

கித்தேரியின் விரல்கள் தாமாகவே திறந்துகொண்டன. மகளின் மணிக்கட்டில் அவள் பிடித்த இடம் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. அதைத் தடவிக்கொடுக்கலாமா என்று நினைத்தாள், பயந்து கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஸ்டேஷனுக்கு ஜொவிட்டாவே ஓட்டினாள். பிரேக்கை நம்பி உங்களைத் தனியாக அனுப்பமாட்டேன், வண்டியைத் திருப்பிக் கொண்டுவரவும் ஆள் வேண்டாமா என்று சொரிமுத்து பின்னால் ஏறிக்கொண்டு வழியெல்லாம் பேசினான். ரயில் நின்றுகொண்டிருந்தது. கித்தேரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளியே நின்றாள், மகள் கிட்டே வந்தபோதும் கையை எடுக்கவில்லை. இன்னொரு தடவை பிடித்தால் திறக்குமோ திறக்காதோ, யார் கண்டது. "போயிட்டு வாரேம்மா," என்றாள் ஜொவிட்டா. "போயிட்டு வா," என்றாள் கித்தேரி. ரயில் நகர்ந்தது, பெட்டி பெட்டியாகப் போனது, கடைசிப் பெட்டியும் போனது, அப்போதும் அவள் கை பின்னால்தான் இருந்தது.

பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு பெண் காலி பாட்டிலோடு எழுந்து வந்தாள், மூன்று வயசுப் பிள்ளை ஒன்று அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு வந்தது. "அக்கா, இவளக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க, தண்டவாளத்துப் பக்கமே ஓடுதா. தண்ணி பிடிச்சிட்டு வந்திருதேன்," என்று சொல்லி, பதிலுக்குக்கூட நிற்காமல், பிள்ளையின் கையைக் கித்தேரியின் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

கித்தேரியின் விரல்கள் அந்தச் சின்ன மணிக்கட்டைச் சுற்றி மூடிக்கொண்டன. ஊரான் வீட்டுப் பிள்ளை, இதன் தாய் வந்து கேட்டால் என்ன சொல்வது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, எந்த வண்டியைக் கழற்றுவது என்று நெஞ்சு கிடந்து அடித்தது. பிள்ளை அவளை அண்ணாந்து பார்த்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டது. கித்தேரி அசையாமல் நின்றாள். குழாய்ப் பக்கமிருந்து தாய் வருவது தெரிந்ததும் பிள்ளை கையை வெடுக்கென்று இழுத்தது.

கை விட்டது. பிள்ளை ஓடியது.

கித்தேரி அந்த இடத்திலேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, செவ்வாய்க்கிழமையிலிருந்து அழாததை எல்லாம் அழுதாள். பாட்டிலோடு வந்த பெண் பதறிப்போய்ப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "என்னக்கா, பிள்ள கடிச்சிட்டாளா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா," என்றாள் கித்தேரி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "எம் மக கப்பலுக்கு வேலைக்குப் போறா."